வைக்கோல் வண்டிக்கு அடியில் ஒரு மணி நேரம்

தலையோடு தலை 'ணங்'கென்று மோதியதுதான் அவர்களுடைய முதல் அறிமுகம்!

யுத்த காலம். ஆவடி ராணுவக் கிடங்கில் கூடாரத் துணி தைத்துவிட்டு, கரியில் ஓடும் பஸ்ஸைப் பிடித்துக் குமணன்சாவடியில் வந்து இறங்கினாள் நாகவல்லி. ஐப்பசி மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது. சாலையோரம் முட்டுக்கொடுத்து நிறுத்தியிருந்த வைக்கோல் வண்டிக்கு அடியில் குனிந்து ஓடினாள். அங்கே ஏற்கெனவே ஒருவன் குந்தியிருந்தான்.

"உனுக்குக் கண்ணு கீதா, இல்லியா?" என்று சீறினாள்.

"கீது. அத்தால தான் பாத்துகினே கீறேன்" என்றான் அவன்.

அந்தக் கண்கள்... ஐயோ, கொஞ்சம்கூடப் பயமில்லாமல் சிரிக்கும் கண்கள்! பெயர் சம்பத், நசரத்பேட்டைக்காரன், அதே கிடங்கில் லாரி ரிப்பேர் வேலை. சண்டை சிரிப்பானது, சிரிப்பு பேச்சானது. இருபத்து மூன்று வயதுவரை பெற்ற தாயிடம்கூடச் சொல்லாத ஒன்றை நாகவல்லி அவனிடம் சொல்லிவிட்டாள். என்ன அது என்று என்னைக் கேட்காதீர்கள். அது அவர்கள் இருவர் சமாசாரம்.

கேட்பதற்கு ஊரிலா ஆளில்லை? மறுநாள் காலையிலேயே ஊர்ப் பெரியவர் துலுக்கானம் பஞ்சாயத்தைக் கூட்டி, சம்பத்துக்கும் ஆள் அனுப்பிவிட்டார். விரல்கூடப் படவில்லை, வெறும் பேச்சுதான் என்று பார்த்தவர்களே சொன்னார்கள். அப்படியானால் அந்தப் பேச்சு என்ன, ஒரு வார்த்தை விடாமல் சபையில் சொல்லியாக வேண்டும் என்றார் அவர். இல்லாவிட்டால் இந்தப் பெண் இனி வேலைக்கே போகக்கூடாதாம். எதையாவது சொல்லித் தொலையேன் என்று அம்மா குப்பம்மா காதோரம் கெஞ்சினாள்.

நாகவல்லி வாயே திறக்கவில்லை. அவன் சொல்லிவிடுவானோ... அதுதான் அவள் பயமெல்லாம். சம்பத் எழுந்தான்.

"நாங்க ரெண்டு பேரும் வயசுக்கு வந்தவங்க. பேசினது எங்களோட. அவங்க சொல்லாம நான் சொல்ல மாட்டேன்."

அப்பாடா... அவளுக்கு எழுந்து குதிக்க வேண்டும்போல இருந்தது. அந்தச் சந்தோஷம் ஒரு நிமிஷம்தான். அப்படியானால் இப்போதே தாலியைக் கட்டு என்றார் துலுக்கானம். "கட்ட மாட்டேன்" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று போய்விட்டான் அவன்.

சுருக்கென்றது அவளுக்கு. போகட்டுமே, யாருக்கு வேண்டும் இவன்? ரோஷம் அப்படிச் சொல்லிற்று. கால் கேட்டால்தானே! நாளைக்கும் நான் வேலைக்குப் போகத்தான் போகிறேன் என்று பெரியவர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டு ஓடினாள். ஏரிக்கரைத் திருப்பத்தில் அவனை மடக்கிவிட்டாள்.

"ஏன் மாட்டேன்னே?"

அவன் நிமிரவே இல்லை. "உனக்கு இஷ்டமான்னு அங்க ஒருத்தரும் கேக்கல... நானும் இன்னும் கேக்கல."

நாகவல்லி சுற்றுமுற்றும் பார்த்தாள். ஒரு ஈ காக்கை இல்லை. மூச்சு வாங்கியது, முகமெல்லாம் சிவந்துவிட்டது.

"நீயும் கேக்க வாணாம்... எனக்கு உன்னைப் புடிச்சிகீது. யாரும் சொல்லச் சொல்லல. நானா சொல்றேன்."