பதினேழாவது கோளாறு

மரவள்ளிப் பால் தொட்டியில் குப்புற மிதந்தது அரங்கநாதனின் உடல்!

வெள்ளை வெளேரென்ற பாலில்... பின்மண்டையிலிருந்து சிவப்பாய் ஒரு கோடு.

நைனார்பாளையம் ஜவ்வரிசி ஆலையே முதலாளியைச் சுற்றி அழுதுகொண்டிருக்க, எழில்மதியை மட்டும் ஆபீஸ் அறைக்குள் தள்ளிக்கொண்டு போனார் இன்ஸ்பெக்டர் நாராயணசாமி. ஆலையின் வைஃபையைப் பராமரிப்பவள் அவள். கள்ளக்குறிச்சியிலிருந்து வந்து இறங்கி ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

"கன்ட்ரோலரத் தொற. கொல நடந்த பத்து மணிக்கு தொட்டிகிட்ட எவன் போன் இருந்துச்சு?"

கன்ட்ரோலர்... ஆலையின் பன்னிரண்டு வைஃபை பெட்டிகளையும் ஆட்டிவைக்கும் தலைமைப் பெட்டி. எந்த போன் எங்கே இருக்கிறது என்று அதன் பட்டியல் காட்டிக்கொடுத்துவிடும்.

திறந்தாள்.

தொட்டிப் பக்கம் ஒரே ஒரு போன். மெக்கானிக் கவியரசனுடையது!

கவியரசன் மூலையில் கன்னம் வீங்கி உட்கார்ந்திருந்தான். வெள்ளிமலை பஸ்ஸிலிருந்து பிடித்து இறக்கியிருந்தார்கள்.

"ஒம்போது மணிக்கே வூட்டுக்குக் கெளம்பிட்டேங்க..."

"பொய்!" சீறினான் இளஞ்செழியன். அரங்கநாதனின் மைத்துனன். "நேத்தே மாமாவோட சண்ட போட்டான் சார். இட்டுக்கினு போங்க!"

எழில்மதி பட்டியலை உற்றுப் பார்த்தாள்.

"சார்... இந்தப் பட்டியல நம்பாதீங்க."

"இன்னாது?"

"புதுசா மாறாம அப்டியே நின்னு போயிருக்குது. இது தெரிஞ்ச கோளாறுன்னு பெட்டி செஞ்ச கம்பெனிக்காரனே லிஸ்ட் போட்டிருக்கான். பதினேழாவது கோளாறு. கெளம்பிப் போன போனக்கூட இங்கயே இருக்கிற மாதிரி காட்டும். அத சரிபண்ற புது சாஃப்ட்வேர் வந்து ரெண்டு மாசமாச்சு... நான்தான் போடல."

"கொலகாரனுக்காகக் கத வுடறியா? உன்னயும் தூக்கி உள்ள வச்சுடுவேன்!"

"கவியரசன் போன் எங்க சார்?"

"என் பாக்கெட்ல. ஆஃப் பண்ணி வச்சிருக்கேன்."

"இப்பவும் அது தொட்டிகிட்டதான் இருக்குதாம்... பாருங்க!"

இன்ஸ்பெக்டர் பாக்கெட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

இளஞ்செழியன் மேஜையில் ஓங்கிக் குத்தினான்.

"பித்தலாட்டம்! ஆஃப் பண்ணி ஆன் பண்ணிக் காட்டு. சரியான பட்டியல் வருதா பார்த்துடலாம்!"

பழைய பதிவை பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு, கன்ட்ரோலரை ரீஸ்டார்ட் செய்தாள்.

ஒரு நிமிஷம்... இரண்டு நிமிஷம்...

பெயர்கள் புதிதாய் ஒவ்வொன்றாக முளைத்தன. கவியரசனின் பெயர் காணோம்!

ஆபீஸ் அறை: எழில்மதி. இளஞ்செழியன். அப்புறம்...

அரங்கநாதன்!

"சார்! முதலாளியோட போன் எங்க?"

"அதான் காணோமே! கூப்ட்டா ஸ்விட்ச் ஆஃப்னு வருது."

"சிம் கார்ட உருவிட்டாலும் அப்டித்தாங்க வரும். ஆனா வைஃபை தானா ஒட்டிக்கும். அந்த போன் இதே ரூம்லதான் இருக்குது!"

இளஞ்செழியன் கதவை நோக்கிப் பாய்ந்தான்!

கவியரசன் காலை நீட்டினான்.

தடாலென்று விழுந்தவனின் இடுப்பிலிருந்து தெறித்துச் சறுக்கியது... சிம் இல்லாத ஒரு போன்.

"ஆலைய வித்தா கொன்னுடுவேன்னு மிரட்டுனேன்..." தரையில் கிடந்தபடியே முனகினான் இளஞ்செழியன். "அத ரெக்கார்ட் பண்ணிட்டாரு. புடுங்கப் போயி... இரும்புக் கம்பியால... அழிக்கலாம்னு பார்த்தா லாக் தொறக்கல!"

விலங்கு மாட்டியதும் திமிர் திரும்பியது.

"என் வக்கீலுக்கு ஒரு போன் பண்ணணும்!"

எழில்மதி லேப்டாப்பை மூடினாள்.

"எந்த போன்லீங்க... உங்களுதுலயா, மாமாவுதுலயா?"