வளைய மறுத்த மரத்தாள்

"இல்ஹாம்! சீக்கிரம் உள்ள வா. எனக்கு இன்னும் ரெண்டு கை வேணும்!"

இல்ஹாமின் அக்கா ஷிஃபானா லாத்தா கூப்பிட்ட விதமே சரியில்லை. வாசல் கம்பிக் கதவில் ஒரு முனையையும் நாற்காலியில் மறுமுனையையும் கட்டி, ரப்பர் கயிற்றைத் தாண்டிக் குதித்துக்கொண்டிருந்த இல்ஹாம், அதை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினாள்.

ரப்பர் பேண்டுகளைக் கோத்துச் செய்த நீளமான கயிறு அது. அவளும் அவள் தோழி யாமினியும் சேர்ந்து செய்தது. மறுநாள் பள்ளி இடைவேளையில் தொடக்கநிலை நான்காம் வகுப்பு மாணவிகளுக்குள் கயிறு தாண்டும் போட்டி. அதனால் காலையிலிருந்தே இல்ஹாமின் கால் தரையில் பாவவில்லை.

கூடத்தில் செய்தித்தாள்களுக்கு நடுவே லாத்தாவின் ஸ்டூல் நின்றது. கவிழ்த்து வைத்த 'ப' மாதிரி இருக்கும். ஆனால் மூலைகள் இரண்டும் உருண்டையாக வளைந்திருக்கும். லாத்தா பாலிடெக்னிக்கில் மரச்சாமான் வடிவமைப்பு படிக்கிறாள். நாளைக் காலை ஸ்டூலுக்கு மதிப்பெண் போடுவார்கள்.

ஸ்டூல் சாதாரணப் பலகையில் செய்தது. அதன் மேல் வெனீர் ஒட்ட வேண்டும். வெனீர் என்றால் காகிதம் போல மெல்லிசாகச் சீவிய அழகான மரத்தாள். நேற்று ஒட்டிய தாள் வளைவில் படக்கென்று விரிசல் விட்டுவிட்டது. இது கடைசித் தாள். வெந்நீர் தொட்டு, பதமாக வளைத்து, காயவைத்து, இப்போது பசையும் தடவியாகிவிட்டது.

"சமமான இடத்துல கிளாம்ப் போட்டு இறுக்கிட்டேன். வளைவுல வழுக்கிட்டு வருது! நீ அந்தப் பக்கம் புடி. அசையாத."

இல்ஹாம் பிடித்தாள். கீழே தேக்கா சந்தைப் பக்கம் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் இரைந்தது. வியர்த்துக் கொட்டியது.

"லாத்தா, மூக்கு அரிக்குது."

"பொறுத்துக்கோ."

"ரெண்டு பக்கமும் அரிக்குது."

"பேசாம புடி!"

இல்ஹாம் தோளால் மூக்கைத் தேய்க்கப் பார்த்தாள். அவ்வளவுதான். கை நழுவியது. வெனீர் ஓரம் டப்பென்று எழுந்து நின்றது.

லாத்தா திட்டவில்லை. அதுதான் இல்ஹாமுக்குப் பயமாக இருந்தது. லாத்தா ஸ்டூலைக் கட்டிப்பிடித்தபடி உட்கார்ந்து இரண்டு வளைவுகளையும் தானே அழுத்தினாள். கண் கலங்கியிருந்தது.

"பாலிடெக்னிக்ல ஒரு மெஷின் இருக்கு. பை மாதிரி மூடி காத்த உறிஞ்சிடும். எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி அழுத்தும். இன்னிக்குன்னு பாத்து லீவு."

இல்ஹாமால் நிற்க முடியவில்லை. உட்கார்ந்தாள். உட்காரவும் முடியவில்லை. கயிற்றை எடுத்துத் தன் முழங்காலில் சுற்றி இழுத்தாள், விட்டாள், மறுபடி இழுத்தாள். மடக்கிய முழங்காலைக் கயிறு கொஞ்சம்கூட இடைவெளி இல்லாமல் கவ்விப் பிடித்தது.

அவள் முழங்காலைப் பார்த்தாள். ஸ்டூலின் மூலையைப் பார்த்தாள்.

"லாத்தா! இந்தக் கயித்த ஸ்டூல சுத்திக் கட்டினா?"

லாத்தா நிமிர்ந்தாள். "கட்டலாம்... கட்டு, கட்டு!"

"இரு. யாமினிகிட்ட கேக்கணும்."

"பசை காயுது இல்ஹாம்!"

"அது ரெண்டு பேரோடது. கேக்காம எப்படி?"

அவள் உம்மாவின் கைபேசிக்குப் பறந்தாள்.

"யாமினி, நம்ம கயித்த ஸ்டூலுக்குக் கட்டட்டுமா?"

"ஸ்டூல் எதுக்குக் குதிக்குது?"

"குதிக்கல! வெனீர் ஒட்டணும். நாளைக்குக் காலையிலதான் அவுக்க முடியும். கொஞ்சம் அறுந்தாலும் அறுந்துடும்."

லாத்தா தாடையாலும் ஒரு வளைவை அழுத்திக்கொண்டு இல்ஹாமையே பார்த்தாள்.

"போட்டி இருக்கே..." என்றாள் யாமினி. பிறகு, "சரி, கட்டு. இறுக்கமா கட்டு. லூசா கட்டினா நம்ம கயித்துக்குத்தான் அவமானம்."

இல்ஹாம் சமையலறையிலிருந்து பிளாஸ்டிக் தாளைக் கொண்டுவந்து முதலில் வெனீர் மேல் சுற்றினாள். இல்லாவிட்டால் கயிறும் சேர்ந்து ஒட்டிக்கொள்ளுமே! பிறகு இருவரும் கயிற்றை இழுத்து இழுத்துச் சுற்றினார்கள். அவ்வப்போது ஒரு ரப்பர் 'பட்' என்று அறுந்தது. அறுந்த இடத்தில் முடிச்சுப் போட்டுத் தொடர்ந்தார்கள். கடைசியில் எழுந்திருந்த ஓரம் மூச்சுக் காட்டாமல் படிந்தது.

அதன்பிறகு இரவுவரை இல்ஹாம் ஸ்டூலைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

"அது என்ன முட்டையா? போய்ப் படு!" என்றார் உம்மா.

காலையில் பல் துலக்கும் முன்பே அவிழ்த்தார்கள். பாலாடை போல வழவழவென்று வளைந்திருந்தது மரத்தாள். லாத்தா நகத்தால் தட்டிக்கொண்டே போனாள். டொக், டொக், டொக்... டப்.

"ஐயோ, இங்க ஒட்டல. உள்ள காத்து இருக்கு."

"இப்ப என்ன பண்றது?"

"சூடு காட்டினா பசை இளகும். அழுத்தினா ஒட்டிக்கும்."

சூடு! இல்ஹாம் அடுத்த அறைக்குப் பாய்ந்தாள். உம்மா அவளுடைய பள்ளிச் சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்.

"உம்மா, அவசரம்!"

"அடியே, பாதிதான் ஆச்சு!"

துணி போட்டு, இஸ்திரிப் பெட்டியால் மெல்லச் சூடு காட்டி, லாத்தா இரு கைகளாலும் அழுத்தினாள். ஆறியதும் தட்டினாள்.

டொக்.

லாத்தா இல்ஹாமைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றி இறக்கினாள். பிறகு ஸ்டூலைப் போர்வையில் பொதிந்து தூக்கிக்கொண்டு எம்ஆர்டி ரயிலுக்கு ஓடினாள்.

பள்ளி வாசலில் யாமினி காத்திருந்தாள்.

"உன் டிரஸ் ஏன் ஒரு பக்கம் அப்பளம் மாதிரி, இன்னொரு பக்கம் முறுக்கு மாதிரி இருக்கு?"

"இஸ்திரி பாதியில ஸ்டூலுக்குப் போயிடுச்சு," என்ற இல்ஹாம் கயிற்றை நீட்டினாள். "நல்லாவே குறைஞ்சிடுச்சு, யாமினி."

"தெரியும்." யாமினி சட்டைப் பையிலிருந்து ஒரு கை நிறைய ரப்பர் பேண்டுகளை எடுத்தாள். "வீட்ல கீரைக்கட்டு, கொத்தமல்லிக்கட்டு ஒண்ணு விடாம உருவிட்டேன். அம்மா இன்னும் ஃபிரிட்ஜத் தொறக்கல."

இருவரும் படிக்கட்டில் உட்கார்ந்து அவசர அவசரமாக முடிச்சுப் போட்டார்கள். மணி அடிப்பதற்குள் கயிறு பழைய நீளத்துக்கு வந்துவிட்டது. கொஞ்சம் கொத்தமல்லி வாசம்தான் கூடுதல்.