தகரத்துக்கு வந்த பதில்

பதில் வந்த திசைதான் சரியில்லை.

அந்தி சாயுமுன்பே பனி இறங்கி மலைமேலிருக்கும் நீர்த்தேக்கத்தை மூடிவிடும் நாட்களில், கணவன் மீன் பிடிக்கப் போயிருந்தால், அவள் படகுத்துறைப் படியின் உச்சியில் நின்று பழைய எண்ணெய்த் தகரத்தைக் கோலால் தட்டுவாள். கரை எந்தப் பக்கம் என்று புரிந்துகொண்டு, அவன் துடுப்பால் படகின் விளிம்பை இரண்டு முறை தட்டிப் பதில் சொல்வான். இன்றும் தட்டினாள். டொக், டொக். நேர் எதிரே, வெகு தொலைவில். அது அவன்.

அவள் மூச்சு விடுவதற்குள் இடப்பக்கமிருந்தும் டொக், டொக்.

இடப்பக்கம் தண்ணீரே கிடையாது. கோடையில் நீர்மட்டம் இறங்கி, உல்லாசப் படகுகளெல்லாம் தரைதட்டிக் கிடக்க, அங்கே மிஞ்சியிருப்பது வெறும் சேறு.

எதிரொலியாக இருக்கும் என்று மனத்துக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டாள். கிளம்பும்போது அவன் செய்த கேலி நினைவுக்கு வந்தது.

"நீ தட்டுற தட்டுக்கு மீனெல்லாம் அடுத்த ஊருக்கு ஓடிடும்டி."

"ஓடட்டும். நீங்க கரைக்கு வந்தா போதும்."

மறுபடி தட்டினாள். மறுபடி இரண்டு பக்கமும். அணை மதகைப் பார்த்துக்கொள்ளும் அண்ணனைக் கைபேசியில் கூப்பிட்டாள்.

"அண்ணா, வேற யாராச்சும் தண்ணில இருக்காங்களா?"

"யாரு இருப்பா? மாப்பிள்ளை ஒருத்தர்தான். நீ தட்டுறத நிறுத்திடாதம்மா. மதகு திறந்திருக்கு, மூட நேரமாகும். கரை தப்புனா படகை இங்க இழுத்துட்டு வந்துரும்." கொஞ்சம் தயங்கினார். "போன மழையில கவுந்துச்சே, அந்தச் சுற்றுலாப் படகு... இன்னைக்குத்தான் வெளிய தெரிஞ்சுது. உனக்கு இடப்பக்கம், சேத்துல குப்புறக் கிடக்கு."

அதில் போனவர்களில் பாதிப் பேர் கிடைக்கவே இல்லை.

அவள் தட்டினாள். எதிரே, டொக், டொக். இடப்பக்கம் இப்போது பல கைகள். கவிழ்ந்த படகின் மரத்தை உள்ளேயிருந்து தட்டும் கைகள். அப்புறம் பாசி நாற்றம். சேற்றிலிருந்து கால் பிடுங்கும் சத்தம்.

சளக்.

அவள் கை நின்றது. அந்தச் சத்தமும் நின்றது.

"எங்கடி இருக்க? தட்டுடி." அவன் குரல். வலப்பக்கம் நகர்ந்திருந்தது. மதகுப் பக்கம்.

தட்டினாள். சளக். தட்டினாள். சளக். ஒரு தட்டுக்கு ஓர் அடி.

பனி சற்று விலகியது.

படிக்கட்டின் அடியில் நின்றார்கள். கழுத்துக் கேமராவிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட ஒருவர். தொப்பி போட்ட குழந்தையைத் தோளில் சாய்த்தபடி ஒருத்தி. பின்னால் இன்னும் பலர். ஒருவரும் அவளைப் பார்க்கவில்லை. எல்லா முகமும் தகரத்தையே பார்த்தன. கரை தெரிந்துவிட்ட முகங்கள்.

தொலைவில், டொக், டொக்.

அவள் கோலை ஓங்கினாள்.

கீழே எல்லோரும் ஒன்றாகக் காலைத் தூக்கினார்கள்.