உள்ளே நீலம்

ஜன்னலுக்கு வெளியே தொங்கிய கஞ்சித் தாள் வெள்ளையாகவே இருந்தது. சமையலறைக்குள் தொங்கியது நீலமாகியிருந்தது.

யோருனுக்கு அது பிடிக்கவில்லை. கடல் உள்வாங்கும்போது கடற்பாசி வெளியே தெரியும். காற்றுப்பட்டு, உடம்பு காய்ந்து, அவதியில் அயோடின் ஆவியை விடும். கஞ்சி தடவிய தாள் நீலமாகும். பல்கலைக்கழகத்துக்காக ஆறு வருடமாக அவள் குறித்துவருவது அதைத்தான். இப்போதோ கடல் நிறைந்து கிடந்தது. சூரியனே எழாத வடகோடி டிசம்பர் நண்பகலின் இருட்டில், பாசிக்காடு முழுக்கத் தண்ணீருக்கு அடியில்.

ஆவி வெளியிலிருந்துதானே வரும் என்று ஜன்னல்களை இறுக்கிச் சாத்தினாள். புதுத் தாள் மாட்டினாள். அது இன்னும் சீக்கிரம் நீலமானது.

மருந்து வாங்கப் போன கணவன் ஆஸ்முன்ட் போனில் வந்தான்.

"தாள் பழசா இருக்கும்."

"இன்னைக்குத்தான் கட்டு பிரிச்சேன்."

"அப்ப நீதான் பழசு." சிரித்தான். "சிக்னே எப்படி இருக்கா?"

"தூங்குறா. சத்தமே இல்ல."

"தூங்கட்டும், விடு."

ஏழு வயது மகள் சிக்னே காலையில் படகுத்துறையில் வழுக்கி விழுந்தாள். தண்ணீருக்கு அடியில், பாசிக்குள் கால் மணி நேரம் கிடந்தவளை ஆஸ்முன்ட் இழுத்தெடுத்தான். பிழைத்தது அதிசயம் என்றார் டாக்டர். யோருன் அந்தக் கால் மணி நேரத்தை நினைக்கவே பயந்தாள்.

ஒரு தாளைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தாள். நடைவழியில் வெளிர்நீலம். மாடிப்படியில், புண்ணுக்குப் போடும் மருந்தின் அந்தக் காட்டமான வாடை தொண்டையில் ஒட்ட, பலகைகளுக்குள் ஏதோ ஈரமாக இழுபடும் ஓசை கேட்க, இன்னும் அழுத்தமான நீலம். மகளின் கதவருகே கறுப்பு.

உள்ளே போனாள்.

சிக்னே விழித்திருந்தாள். உதடு வெடித்திருந்தது.

"அம்மா, இங்க காய்ஞ்சு போகுதும்மா."

"தண்ணி குடிக்கிறியா, கண்ணு?"

"குடிக்க இல்ல. என்னை ஏன் வெளிய எடுத்தீங்க?"

யோருன் கதவுப் பக்கம் ஓரடி பின்வாங்கினாள். ஆனாலும் அவள் பெற்றவள். குளியலறைக்காவது கொண்டுபோகலாம். போர்வையோடு சேர்த்து மகளைத் தூக்கினாள்.

வரவில்லை.

மறுபடி தூக்கினாள். போர்வை சரிந்தது. சிக்னேயின் கால்விரல்கள் நீண்டு, கிளைத்து, பழுப்பாகி, கட்டில் சட்டத்தைச் சுற்றிச் சுற்றி இறுகியிருந்தன.

மகள் அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அந்த விரல்களும் நீளத் தொடங்கின.