நூராவின் எட்டாம் அத்தியாயம்

தாரா தன் முதல் நாவலில் ஏழு அத்தியாயங்களை முடித்திருந்தாள். பதினொரு வயதுக்கு அது பெரிய விஷயம்தான். அப்பா அலுவலகத்திலிருந்து கொண்டுவரும் வேண்டாத தாள்களின் பின்பக்கத்தில் எழுதுவாள். எழுதியதை முதலில் படிப்பவள் அவளுடைய தோழி இஷ்ரத்.

இஷ்ரத்தின் அத்தா ஷாஹுல் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் நாசி கண்டார் சோற்றுக்கடை வைத்திருந்தார். பள்ளி விட்டதும் இருவரும் அந்தக் கடையின் கடைசி மேசையைப் பிடித்துக்கொள்வார்கள். இஷ்ரத் படிப்பாள். தாரா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். கதை சலித்தால் இஷ்ரத் தோழி என்றெல்லாம் பார்க்கமாட்டாள். பெரிதாக ஒரு கொட்டாவி விடுவாள்.

காணாமல்போன ஒரு கிளியை மதி, நூரா என்ற இரண்டு தோழிகள் தேடுகிற கதை அது. மதி யார், நூரா யார் என்று இருவருக்கும் தெரியும்.

அன்று எட்டாம் அத்தியாயம். பாதி படித்த இஷ்ரத் நிமிர்ந்தாள்.

"நூரா ஆத்துல முழுகிச் செத்துப்போறாளா?"

"ஆமா. வெள்ளம் வருது."

"எனக்கு நீச்சல் தெரியும்லா! போன வருஷம் மெடல் வாங்கினேனே!"

"அது நீ. இது நூரா."

இஷ்ரத் மேலே படித்தாள். "நூராவோட அம்மா அவ படத்துக்கு மாலை போட்டு விளக்கு ஏத்தறாங்களா? எங்க வீட்டுல அப்படிச் செய்யமாட்டாங்க தாரா."

தாராவுக்குச் சங்கடமாகப் போய்விட்டது. தன் வீட்டில் தாத்தா படத்துக்குச் செய்வதை அப்படியே எழுதிவிட்டாள். இத்தனை வருஷம் இந்தக் கடையில் ரொட்டி சானாய் சாப்பிட்டும் இதுகூடத் தெரியவில்லையே என்று வெட்கமாக இருந்தது.

"மாத்திடறேன்."

"அதை மாத்து. ஆனா நூரா எதுக்குச் சாகணும்?"

தாரா பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"நான் கிள்ளானுக்குப் போறேனே, அதுக்கா?" என்று கேட்டாள் இஷ்ரத்.

ஷாஹுல் கொஞ்சம் தள்ளியிருந்த கிள்ளான் நகரில் புதுக் கடை எடுத்திருந்தார். மாதக் கடைசியில் குடும்பமே அங்கே குடிபோகிறது. அந்தச் செய்தியைக் கேட்ட அன்றுதான் தாரா எட்டாம் அத்தியாயத்தை எழுதத் தொடங்கினாள்.

"நீதானே விட்டுட்டுப் போறே," என்றாள் தாரா.

"கிள்ளானுக்குத்தான்லா போறேன், நிலாவுக்கா போறேன்?" இஷ்ரத்தின் குரல் தழுதழுத்தது. "புது ஸ்கூல்ல எனக்கு ஒருத்தரையும் தெரியாது. நினைச்சாலே பயமா இருக்கு. நீ என்னடான்னா என்னைக் கொன்னுட்டு அடுத்த சாப்டருக்குப் போயிட்டே!"

தாள்களை மேசையில் வைத்துவிட்டு, மாடியிலிருந்த வீட்டுக்கு விறுவிறுவென்று ஏறிப்போய்விட்டாள்.

அன்று மாலை தாரா திருத்த உட்கார்ந்தாள். வெள்ளத்தை எடுத்துவிட்டுக் காய்ச்சலைப் போட்டாள். அதையும் அடித்துவிட்டு நூராவை விமானத்தில் லண்டனுக்கு அனுப்பினாள். எதுவும் ஒட்டவில்லை. எப்படி எழுதினாலும் நூரா ஒரே வரியில் போய்விட்டாள். மதி அடுத்த வரியிலேயே கிளியைத் தேடக் கிளம்பிவிட்டாள்.

அப்பா அருணன் எட்டிப்பார்த்தார். "என்னம்மா, இன்னும் முடியலையா?"

"நூராவை எப்படி அனுப்பறதுன்னு தெரியலப்பா."

"அவளுக்குப் பதிலாக் கிளியை அனுப்பிடேன்," என்று சிரித்துவிட்டுப் போனார். அப்பாக்களிடம் இதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது.

தாரா எழுதியதை மறுபடி படித்தாள். அத்தியாயம் முழுக்க மதியின் கோபம்தான் இருந்தது. நூரா ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. இஷ்ரத்துக்குப் பயமாக இருக்கும் என்று இன்றுவரை தனக்கும் தோன்றவில்லையே என்று நினைத்துப் பேனாவை மூடிவைத்தாள்.

மறுநாள் அவள் கடைக்கு மேலே மாடி ஏறினாள். வீடெல்லாம் பெட்டிகள். இஷ்ரத் தட்டுகளைப் பழைய செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருந்தாள். தாரா பக்கத்தில் உட்கார்ந்து ஒரு தட்டை எடுத்தாள்.

"சாரி இஷ்ரத். நூராவை ஒண்ணுமே கேக்காம எழுதிட்டேன். இப்ப கேக்கவா?"

"ம்."

"நூராவுக்கு எது ரொம்பப் பயம்?"

இஷ்ரத் கையிலிருந்த தட்டைச் சுற்றி முடித்தாள். "ரிசெஸ் மணி அடிச்சா யார்கூட உக்காந்து சாப்பிடறதுன்னு."

"மதிக்கும் அதே பயம்தான்," என்றாள் தாரா.

அதன்பிறகு இருவரும் நிறையப் பேசினார்கள். பேச்சு சுவாரசியத்தில் ஒரு தட்டை உடைத்து, இஷ்ரத்தின் அம்மாவிடம் சேர்ந்தே திட்டு வாங்கினார்கள்.

தாரா புது எட்டாம் அத்தியாயத்தை எழுதி முடிப்பதற்குள் இஷ்ரத் கிள்ளானுக்குப் போய்விட்டாள். அடுத்த சனிக்கிழமை தாரா அப்பாவுடன் சென்ட்ரல் ஸ்டேஷனில் கிள்ளான் போகும் கொமுட்டர் ரயில் ஏறினாள்.

புதுக் கடையில் பெயிண்ட் வாசனை இன்னும் போகவில்லை. இஷ்ரத் கொட்டாவி விடாமல் படித்தாள். இந்த முறை நூரா சாகவில்லை. சாமான் ஏற்றிய லோரியில் ஏறி, பயத்தோடு வேறு ஊருக்குப் போனாள். கோபத்தில் பேசாமலே இருந்த மதி, லோரி கிளம்பும்போது அழுதுகொண்டே ஓடிவந்தாள். நூரா உடனே சிரித்துக் கையாட்டினாள்.

இஷ்ரத் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நல்லா இருக்கா?" என்று கேட்டாள் தாரா.

"இருக்கு. ஆனா நூரா இவ்வளவு சீக்கிரம் மன்னிக்கமாட்டா."

"எவ்வளவு நேரம் கோபமா இருப்பா?"

"குறைஞ்சது ரெண்டு பக்கம்."

தாரா சிரித்துக்கொண்டே பேனாவை எடுத்தாள். இஷ்ரத் நாற்காலியை நெருக்கமாக இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். அப்பா தன் தே தாரிக் தேநீரைக் குடித்து முடிப்பதற்குள் நூரா ஒரு பக்கம் முழுக்கக் கோபப்பட்டுவிட்டாள். இன்னும் ஒரு பக்கம் பாக்கி இருந்தது.