பதினோராவது கம்பி

பொம்மையைத் தூக்கி ஆட்டுவதற்குத்தான் கம்பி கட்டுவார்கள். இந்த மிருகத்தின் தொண்டையிலிருந்து மட்டும் ஒரு கம்பி கீழே, தரைக்குள் போனது. இது என்ன கூத்து என்று அவள் முதல் நாளே யோசித்தாள். அந்தக் காலத்து ஆட்களுக்கு மிருகத்தை ஆட்டவும் தெரியவில்லை, கம்பியை மறைக்கவும் தெரியவில்லை என்று தனக்குள் சிரித்துக்கொண்டு அழிக்கத் தொடங்கிவிட்டாள்.

பழைய படங்களைச் சுத்தம் செய்து திருப்பிக் கொடுப்பது அவர்கள் தொழில். கூடத்தில் மூன்றே பேர். வந்து சேரும் படச்சுருள்களைக் கழுவித் துடைத்து ஸ்கேனரில் ஓட்டிக் கணினிக்கு அனுப்புபவர் ரீல் அண்ணன். அறுபதை நெருங்கியவர், விரல்களில் எந்நேரமும் ஸ்பிரிட் வாடை. வசனத்தின் மேல் படிந்த இரைச்சலைக் களைவது அவள் கணவன். ஃபிரேம் ஃபிரேமாகக் கீறலையும் தூசியையும் கம்பியையும் அழிப்பது அவள். ஒரு நீளமான நடை, அதன் ஒரு கோடியில் ஸ்கேனர் அறை, நடுவில் ஒலி அறை, மறு கோடியில் அவளுடைய அறை. அவள் அறைக்கும் கணவனின் ஒலி அறைக்கும் இடையில் கதவு கிடையாது, கனமான கண்ணாடிச் சுவர் ஒன்றுதான். பகலிலும் ஜன்னல்களைக் கறுப்புத் துணி மூடியிருக்கும்.

இப்போது கையில் இருந்தது எழுபது வருடத்துக்கு முந்தைய கறுப்பு வெள்ளைப் படம். எடுத்தவர் யார், நடித்தவர் யார் என்று தெரியாது. பெயர் வரும் பகுதி மட்டும் கிழிந்து போயிருந்தது. வானத்திலிருந்து ஒரு கல் உப்பு ஏரியில் விழுகிறது, கல்லுக்குள்ளிருந்து ஒரு மிருகம் வருகிறது, ஆராய்ச்சி நிலையத்தில் இருப்பவர்களை ஒவ்வொருவராகத் துரத்துகிறது. இரண்டு ஆள் உயரம், முழங்காலுக்குக் கீழே தொங்கும் கைகள், கண் கிடையாது. வாய் மட்டும் தாடையிலிருந்து நெற்றி வரை நெட்டுக்குத்தாகப் பிளந்திருக்கும். அதன் உடம்பில் பதினோரு கம்பிகள். மணிக்கட்டு, முழங்கை, தோள், முழங்கால், கணுக்கால் என்று இரண்டு பக்கமும் சேர்த்துப் பத்து. அவை தளராமல் ஒரே விறைப்பாக நின்றதால் ஒரு ஃபிரேமில் தொட்டுக் காட்டினால் போதும், மற்ற ஆயிரத்திலும் கணினியே அழித்துவிடும். தொண்டைக் கம்பிதான் அவள் உயிரை வாங்கியது. அது விறைப்பதும் தளர்வதுமாகத் துடித்துக்கொண்டே இருந்ததால் ஒவ்வொரு ஃபிரேமிலும் மின்பேனாவால் கையாலேயே அழிக்க வேண்டியிருந்தது. முப்பத்தெட்டு நாள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்ததில் கை அந்தக் கோட்டை மனப்பாடம் செய்துவிட்டிருந்தது. தொண்டையில் தொடங்கி நேராகத் தரைக்கு.

மாலைக்குள் படத்தை ஒப்படைக்க வேண்டும். மூன்றரை மணிக்குக் கடைசி ஃபிரேமை முடித்தாள். கணினியில் இடம் போதாது என்பதால் வேலை முடிந்ததும் பழைய பிரதியை அழித்துவிடுவது அவர்கள் வழக்கம். அழித்தாள். முதுகை நெளித்துக்கொண்டு, ஆறாவது ரீலை ஒரு தடவை முழுசாக ஓடவிட்டுப் பார்த்தாள்.

ஆய்வுக்கூடக் காட்சி அது. மிருகம் தாறுமாறாகக் கைகளை வீசும், வெள்ளைக் கோட்டு விஞ்ஞானி கதவு வழியாக ஓடித் தப்பிப்பார். அவள் நூறு தடவை பார்த்த காட்சி. இப்போது மிருகம் கையை வீசவில்லை. கைகளை மெதுவாகக் கீழே தொங்கவிட்டது. மணிக்கட்டைத் திருப்பிப் பார்ப்பது போல் முகத்தருகே கொண்டுவந்தது, பிறகு கட்டு அவிழ்ந்தவன் தேய்ப்பது போலத் தன் தொண்டையைத் தேய்த்துக்கொண்டது. விஞ்ஞானி கதவுக்கு ஓடினார். போய்ச் சேரவில்லை. அது அவர் தாடையில் விரலைக் கொடுத்துக் கீழே இழுத்தது, தாடை கையோடு வந்தது. கதாநாயகி நடிப்பதை நிறுத்திவிட்டுக் கேமராவுக்கு இந்தப் பக்கம் யாரையோ பார்த்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். யாரும் வரவில்லை. அவளை அது காலைப் பிடித்துத் தூக்கி மேசை விளிம்பில் அடித்தது, நிதானமாக, துணி துவைப்பது போல. மை போலக் கறுப்பாகத் தெறித்தது. காட்சிக்கு முந்நூற்றுப் பன்னிரண்டு ஃபிரேம்தான். திரை மூலையில் ஓடும் எண் முந்நூற்றுப் பன்னிரண்டில் நின்றுவிட்டிருந்தது, படம் ஓடிக்கொண்டிருந்தது. மிருகம் திரைக்கு நேராக வந்து நின்று, இடது பக்கமாக நடந்து வெளியே போனது. வெறும் மேசையும் சுவரும் மிச்சம்.

அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டாள். தூங்காத கண்ணுக்குப் பொய்த்தோற்றம் வரும் என்று சொல்லிக்கொண்டாள். இருந்தாலும் கை தானாக ஒலி அறையோடு பேசுவதற்கான பொத்தானை அழுத்தியது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கணவனின் மேசையில் சிவப்பு விளக்கு மின்னியது. அவன் ஹெட்போனை ஒரு காதிலிருந்து நகர்த்தினான்.

"என்னங்க, ஆறாவது ரீல்ல அந்த மிருகத்துக்குன்னு தனியா ஏதாவது சத்தம் இருந்துச்சா?"

"இருந்துச்சே. மூச்சு விடுற சத்தம், நடக்கிற சத்தம். வசனத்துக்கு அடியில படம் பூரா ஓடிட்டு இருந்துச்சு. இரைச்சல்னு எல்லாத்தையும் எடுத்துட்டேன். இப்ப அது நடந்தா பூனை கூடத் தோத்துடும். ஏன் கேக்கிற?"

"ஒண்ணுமில்ல. கொஞ்சம் வெளிய வாங்களேன்."

"அஞ்சே நிமிஷம் தாயே. இப்ப எழுந்தா கதாநாயகி ஆம்பளக் குரல்ல பேசுவா, பரவாயில்லையா? முடிச்சதும் உன் ரூமுக்குத்தான் வருவேன்."

சிரித்துக்கொண்டே ஹெட்போனை மாட்டினான். கண்களை மூடிக்கொண்டான். அவன் எப்போதும் கண்ணை மூடிக்கொண்டுதான் கேட்பான். அவனுடைய முகத்தையும் காதோர நரையையும் பார்த்ததும் அவளுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. இவன் இருக்கும்போது என்ன பயம் என்று தோன்றியது.

அப்போதுதான் ரீல் அண்ணன் கத்தினார். பாதிக் கத்தல்தான், மீதியை யாரோ பிடுங்கிக்கொண்ட மாதிரி நின்றுபோனது.

அவள் நடைக்கு ஓடினாள். ஸ்பிரிட் வாடையோடு சூடான இரும்பின் வாடையும் கலந்து வந்தது, குழல்விளக்கு விட்டுவிட்டு எரிந்தது, ஸ்கேனர் அறைக் கதவு முழுக்கத் திறந்து கிடந்தது, உள்ளிருந்து படச்சுருள் அவிழ்ந்து நடை வரைக்கும் ஓடி வந்து அவள் காலில் சுற்றியது. வாசலில் நின்று பார்த்தாள். நீல நாற்காலி, பச்சை வாளி, மஞ்சள் சுவர், நடுவே நிறமே இல்லாமல் அது. சாம்பல் உடம்பு முழுக்கப் பழைய படத்தின் புள்ளிகள் எறும்புக் கூட்டம் போல மொய்த்தன. கூரை இடிக்காமல் குனிந்து நின்று, அண்ணனைத் தோளிலும் இடுப்பிலுமாகப் பிடித்திருந்தது.

"தங்கச்சி," என்றார் அவர். "கதவ..."

அது அவரைப் பின்பக்கமாக மடித்தது. முதுகு முறிந்தது கேட்டது. பிறகு தோளைத் திருகி ஒரு கையைப் பிய்த்தது, சதை நார் நாராகக் கிழிந்தது கேட்டது. ரத்தம் சுவரில் சிவப்பாகப் பட்டது, அதன் மார்பில் பட்டது மட்டும் கறுப்பாகிவிட்டது. அண்ணனின் உடம்பிலிருந்து வந்த சத்தம் மட்டுமே கேட்டது. அதனிடமிருந்து மூச்சுகூடக் கேட்கவில்லை. அது ஓர் அடி எடுத்து வைத்தபோது தரை அதிர்ந்தது. சத்தமில்லை.

அவள் திரும்பி ஓடினாள். ஒலி அறைக் கதவை இரண்டு கையாலும் இடித்தாள். வேலை நேரத்தில் உள்ளே தாழ்ப்பாள். மெத்தை வைத்த கதவு, தலையணையைக் குத்துவது போலிருந்தது. வெளிச் சத்தம் ஒரு பொட்டுக்கூட உள்ளே வரக் கூடாதென்று அவன் பார்த்துப் பார்த்துக் கட்டிய அறை அது.

"என்னங்க. என்னங்க. கதவத் திறங்க."

நடைச் சுவரில் நிழல் விழுந்தது. நீளமான கை, பிறகு தலை. எப்படித் தன் அறைக்கு வந்தாள், எப்படித் தாழிட்டாள் என்று அவளுக்கே தெரியாது. பொத்தானை அழுத்தினாள். சிவப்பு விளக்கு மின்னியது. அவன் கண் திறக்கவில்லை. நாற்காலியைத் தூக்கிக் கண்ணாடியில் அடித்தாள். நாற்காலி உடைந்தது. அவன் மேசையில் விரலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தான்.

திரையில் மேசையும் சுவரும் இல்லை. நடை இருந்தது. அவர்களுடைய நடை, கறுப்பு வெள்ளையில். ஒலி அறைக் கதவின் இடுக்கில் அது விரல்களைச் செருகிக்கொண்டிருந்தது. ஃபிரேம்கள் ஓடவில்லை. ஒவ்வொன்றும் அவள் ஒரு மூச்சு விடும் நேரம் நின்று, தானாக அடுத்ததற்கு நகர்ந்தது.

தூக்கி ஆட்டுவதற்கு இல்லை. கட்டிப் போடுவதற்கு. கம்பி அதற்குத்தான். அழித்தது அவள். அந்த நினைப்பு வந்ததும் தன் விரல்களை வெட்டிப் போடலாம் போல ஆத்திரம் வந்தது, அதற்கும் நேரமில்லை. பேனாவை எடுத்தாள்.

கதவு பெயர்ந்தது, ஹெட்போனுக்குள் இருந்த அவனுக்குக் கேட்கவில்லை. அது உள்ளே போனது. அவன் நாற்காலிக்குப் பின்னால் நிமிர்ந்தது. திரையில் தெரிந்தது, கண்ணாடியிலும் தெரிந்தது.

வலது மணிக்கட்டிலிருந்து சுவருக்கு ஒரு கோடு இழுத்தாள். கண்ணாடிக்கு அப்பால் அந்தக் கை வெடுக்கென்று சுவரோடு ஒட்டியது. நின்றது. அடுத்த ஃபிரேமில் கோடு இல்லை, கை விடுபட்டது. கணினிக்குத் தொட்டுக் காட்டினாள். அழித்த மாதிரியே இப்போது எல்லா ஃபிரேமிலும் நீயே வரைந்துவிடு. வரைந்தது. கை மறுபடி ஒட்டி அப்படியே நின்றது. இடது மணிக்கட்டு. முழங்கைகள். தோள். தோள். முழங்கால்கள். கணுக்கால். இன்னொரு கணுக்கால்.

பத்து. உடம்பு நின்றுவிட்டது. கழுத்து நிற்கவில்லை. அது நீண்டது. அவன் தலைக்கு மேலே வந்து, நெற்றி வரை வாய் பிளந்தது.

தொண்டையைக் கணினி பிடிக்கவில்லை. அது துடிக்கிறது. கையால்தான்.

வரைந்தாள். தொண்டையிலிருந்து நேராகத் தரைக்கு, அவன் நாற்காலிக்குப் பின்னால் இருந்த ஒரு சாண் இடைவெளியில். தலை சட்டென்று இழுபட்டு நின்றது. அடுத்த ஃபிரேம். வரைந்தாள். நின்றது. அடுத்தது. நின்றது. முடிகிறது, என்னால் முடிகிறது என்று அழுதாள். விடிய விடிய வரைவேன், யாராவது வருவார்கள் என்று நினைத்தாள்.

அந்த வாயிலிருந்து எச்சில் ஒரு சொட்டு அவன் மேசையில் விழுந்தது.

அவன் கண்ணைத் திறந்தான். மின்னும் சிவப்பு விளக்கைப் பார்த்தான். பிறகு கண்ணாடி வழியாக அவளை. முடிந்தது, வருகிறேன் என்று கைகாட்டினான். நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, கதவைப் பார்த்துத் திரும்பி, ஓர் அடி வைத்தான்.

ஃபிரேம் நகர்ந்தது. கை வரைந்தது. முப்பத்தெட்டு நாள் பழகிய கை.

தொண்டையில் தொடங்கி நேராகத் தரைக்கு.

கம்பி அவன் காறை எலும்புக்கு மேலே நுழைந்து இடுப்புக்குக் கீழே வெளியே வந்தது. தரையைத் தொட்டு விறைத்தது. அவன் அதிலே நின்றான். கால்கள் துவண்டுவிட்டன, கம்பிதான் நிறுத்தியிருந்தது. மிருகம் தலையை இழுத்தது. அவனும் சேர்ந்து தூக்கப்பட்டு இறங்கினான். சட்டையின் முன்பக்கம் சிவந்தது, மறுபடி சிவந்தது.

ஃபிரேம் நகர்ந்தது. கம்பி இல்லை. அவன் முட்டி போட்டுச் சரிந்தான். வாய் அவன் உச்சந்தலையை நோக்கி இறங்கத் தொடங்கியது. தொண்டைக்கு நேர் கீழே அவன். விலகி வரைய இடமில்லை. வரையாவிட்டால் அவன் தலை போய்விடும்.

வரைந்தாள்.

கண்ணாடிக்கு அப்பால் அவன் வாய் திறந்தது. கத்தினான். ஒன்றும் கேட்கவில்லை. அவன் கட்டிய சுவர். பிறகு அவளைப் பார்த்தான், அவள் கையில் இருந்ததைப் பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது. உதடுகள் மெதுவாக அசைந்தன.

போதும். விட்டுடு.

ஃபிரேம் நகர்ந்தது. வரைந்தாள். நகர்ந்தது. வரைந்தாள். ஏழாவது முறை கை தவறிவிட்டது, கம்பி வேறு இடத்தில் இறங்கியது. இரண்டாவது துளை. அதைப் பார்த்தபின் அவள் இடது கையால் வலது மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கண்ணீர் மறைக்காதபடி விழியை அகல விரித்துக்கொண்டாள். அவன் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தான். இன்னும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தான், வேண்டாம் என்று. அடுத்த ஃபிரேம் வந்தது. முதல் துளைக்குள்ளேயே போகும்படி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, அவள் மறுபடியும் கம்பியை வரைந்தாள்.