பெயரில்லாத வளையம்

விளையாட்டு வெளிவர எழுபத்தொரு மணி நேரம் இருந்தபோது, இல்கா அதன் ஏழாவது அறையில் தான் வைக்காத ஒன்றைக் கண்டாள்.

பொருள் என்றுகூடச் சொல்ல முடியாது. ஒரு வெள்ளை வளையம், அவ்வளவுதான். வரைந்த அறைக்குள் சுட்டியால் எதையெல்லாம் தொடலாம் என்று தெரியாமல் தவிக்கும் ஆட்டக்காரர்களுக்காக ஒரு விசை உண்டு. அதை அழுத்தினால் தொடக்கூடிய ஒவ்வொன்றின் மேலும் ஒரு வளையம் தோன்றும். கணப்பு, பச்சைத் திரைச்சீலை, கண்ணாடிக் குவளைகள் அடுக்கிய அலமாரி, மேசை, அதன் முன்னே நாற்காலி. எல்லாம் அவள் வரைந்தவை. அவளே பெயர் கொடுத்தவை. கதவோரத்து மூலையில் இருந்த வளையத்துக்கு மட்டும் பெயரில்லை. அந்த மூலையில் அவள் இருட்டைத் தவிர எதையும் தீட்டவில்லை.

சொடுக்கினாள். தொட்ட பொருளின் அருகே கதாநாயகன் நடந்துபோய் அதைப் பற்றி ஏதாவது கிண்டலாகச் சொல்வதுதான் இந்த வகை விளையாட்டின் வழக்கம். இதன் நாயகனான கலங்கரை விளக்கக் காவலன் போகவில்லை. மூலையைப் பார்த்தபடியே பின்வாங்கினான். ஓரடி. இன்னோரடி. முதுகு ஜன்னலில் இடிக்கும்வரை.

பின்பக்கமாக நடக்கும் காவலனை யாருமே வரைந்ததில்லை.

வெளியே, ஜெர்மனியின் பிரேமர்ஹாஃபன் துறைமுகத்தில், பனிமூட்டத்தில் கப்பல்களை எச்சரிக்கும் சங்கு ஊதியது. மாலை நான்குதான் ஆகியிருந்தது. டிசம்பரில் அதற்குள் ஜன்னல் கறுத்துவிடும். கணப்பின் குழாய்கள் சூடேறும்போது எழும் டக் டக் ஒலியும், கதவருகே மாட்டியிருந்த நனைந்த மேலங்கியின் கம்பளி வாடையும் அவளுக்குப் பழக்கமானவை. இன்று அந்த வாடைக்கு அடியில் வேறு ஏதோ இருந்தது. காரமாக, மருந்து போல. ஆறிப்போன தேநீரை முகர்ந்து பார்த்தாள். தேநீர் இல்லை.

நிரல் எழுதும் ஹௌகேயைக் கைப்பேசியில் கூப்பிட்டாள்.

"ஏழாவது அறையைத் திற."

"அம்மா தாயே, இப்பத்தான் காபி ஊத்தினேன். நிரல்ல இன்னொரு ஓட்டைன்னு மட்டும் சொல்லாத, இந்தக் கோப்பையிலேயே விழுந்து செத்துருவேன்."

"பேரில்லாத வளையம் ஒண்ணு இருக்கு. நான் வைக்கல."

"ராத்தூக்கம் இல்லாம நீயே வச்சிட்டு மறந்திருப்ப." விசைகள் தட்டும் சத்தம் கேட்டது. "ஆமா, இருக்கு. அலமாரிகிட்ட."

"கதவுகிட்ட."

"கண்ணாடி போடு, தாயே. கதவுகிட்ட ஒண்ணுமே இல்ல. அலமாரிய ஒட்டி இருக்கு."

எங்கோ கண்ணாடியோடு கண்ணாடி மெல்ல உரசும் ஒலி கேட்டது. கிளிங். பெரிய கப்பல் ஏதாவது கடந்திருக்கும் என்று இல்கா நினைத்துக்கொண்டாள். சங்கு மட்டும் ஊதவில்லை.

"வேடிக்கை என்னன்னா," என்றான் ஹௌகே. அவன் குரலில் வேடிக்கை குறைந்திருந்தது. "நிரல்ல அப்படி ஒண்ணு இல்லவே இல்ல. திரையில மட்டும்தான் இருக்கு. அறையையே தூக்கிடவா?"

"தூக்கினா?"

"மன்றத்து ஆளுங்க நம்மள உரிச்சு உப்புக்கண்டம் போடுவாங்க. ஓன்கெனுக்கு நாம கொடுத்த வாக்கு அது. அவர் அனுப்பின போட்டோவை எடுத்துப் பாரு, அந்த இடத்துல ஏதாவது இருந்து நீ விட்டிருக்கலாம். இல்லேன்னா அவருக்கே போன் போடு. நம்பர் உன்கிட்டதானே இருக்கு?"

"ம்," என்று இணைப்பைத் துண்டித்தாள்.

இதன் முதல் பாகமான பழைய விளையாட்டைத் தயாரித்த நிறுவனம் என்றோ மூடிவிட்டது. விட்ட இடத்திலிருந்து கதை தொடர வேண்டும் என்று ஏங்கிய விசிறிகள் இணைய மன்றத்தில் கூடி, ஆளுக்குக் கொஞ்சமாய்ப் போட்டுச் சேர்த்த பணத்தில்தான் ஹௌகே நிரல் எழுதினான், இல்கா ஓவியம் தீட்டினாள். நிறையக் கொடுத்தவர்களுக்கு ஒரு சலுகை இருந்தது: உங்கள் வீட்டு அறையை அப்படியே வரைந்து தருவோம், விளையாட்டு இருக்கும்வரை நீங்கள் அதில் குடியிருக்கலாம். கெர்ட் ஓன்கென் அதைக் கேட்டிருந்தார்.

ஆனால் போட்டோ வரவேயில்லை. மூன்று முறை எழுதிக் கேட்டும் பதில் இல்லை. நாள் நெருங்கியதும் வந்துவிட்டதாக ஹௌகேயிடம் சொல்லிவிட்டு, இரண்டே மாலைகளில் வரைந்து முடித்தாள். படத்தைப் பார்த்து ஓன்கெனின் முகவரியிலிருந்து 'நன்றி' என்று ஒரே சொல் வந்தது. எதைப் பார்த்து வரைந்தாள் என்பதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. தெரிந்தால், நம்பிப் பணம் போட்ட அத்தனை பேரும் ஒரே நாளில் எதிராகத் திரும்புவார்கள். அவளை நம்பி இனி யாரும் ஒரு கோடு வரையச் சொல்ல மாட்டார்கள்.

விசையை மறுபடி அழுத்தினாள்.

அலமாரியருகே வளையம் இல்லை. கதவோரத்திலும் இல்லை. நாற்காலிக்கும் அலமாரிக்கும் நடுவே, வெறும் தரைக்கு மேலே, ஆள் நெஞ்சு உயரத்தில் நின்றது.

மருந்து வாடை இப்போது தெளிவாக வந்தது. கற்பூரத் தைலம்.

எழுந்துவிடலாம். எழுந்தால் திரும்ப வேண்டும்.

திரும்பவில்லை. கைப்பேசியை எடுத்து ஓன்கெனின் எண்களை ஒவ்வொன்றாக ஒற்றினாள். நெடுநேரம் மணியடித்தது.

"மோயின்." அந்தக் கடலோர வழக்கில் வணக்கம் சொன்னது ஒரு வயதான பெண் குரல்.

"வணக்கம்மா. விளையாட்டு வரையற இல்கா பேசறேன். ஓன்கென் சார்கிட்ட ஒரு சந்தேகம் கேக்கணும்."

"கெர்ட் இல்லம்மா. நான் அவர் சம்சாரம். அவர் பிப்ரவரியிலேயே போயிட்டார்."

பணம் திரட்டத் தொடங்கியதே ஏப்ரலில்தான்.

"அவர் பேர்ல நான்தான் கட்டினேன். படுக்கையில கிடந்தப்ப கேட்டார். அந்த விளையாட்டை என்னிக்காவது திரும்பக் கொண்டுவந்தா, அதுல எனக்கு ஒரு இடம் பிடிச்சு வைடின்னு." ஓன்கென் அம்மாள் சிரித்தார். "இத்தனைக்கும் மனுஷன் விளையாடவே மாட்டார், தெரியுமா? மவுஸை நான்தான் பிடிக்கணும். இவர் நாற்காலிக்குப் பின்னாடி நின்னுக்கிட்டு, அதைத் தொடு, இதைத் தொடுன்னு உசிரை வாங்குவார். நெஞ்சுல தைலம் தேய்ச்சு விட்டிருப்பேனா, அந்த நெடி என் பிடரியிலேயே நிக்கும்."

இல்கா மூச்சை அடக்கிக்கொண்டாள்.

ஒரு மூச்சு மட்டும் தொடர்ந்து கேட்டது. சளி அடைத்த மூச்சு. கைப்பேசியிலிருந்து அல்ல.

"போன பிறகும் போகலம்மா," என்றார் அந்த அம்மாள், குரலைத் தாழ்த்தி. "தினம் சாயங்காலம் இருமல் கேக்கும். அதான் நீங்க கேட்டும் நான் போட்டோ அனுப்பல. எங்க வீட்டையே வரைஞ்சிட்டா இங்கேயே தங்கிடுவாரோன்னு பயம். ஆனா நீங்க எங்கேயோ ஒரு நல்ல அறையா வரைஞ்சு அனுப்பினீங்க. அன்னிலேர்ந்து இங்க சத்தமே இல்ல. நிம்மதியாத் தூங்கறேன்."

அவள் உட்கார்ந்திருந்த நாற்காலியின் முதுகு மெல்ல முனகியது. பின்னால் இழுபட்டது. கொஞ்சம்தான். இரண்டு கைகள் அதைப் பற்றிக்கொண்டால் எவ்வளவு இழுபடுமோ, அவ்வளவு.

திரையில் வளையம் நாற்காலியோடு ஒட்டியிருந்தது.

காவலன் ஜன்னலோரம் சுவரில் ஒண்டி நின்றான். அவன் இப்போது வளையத்தைப் பார்க்கவில்லை. திரைக்கு வெளியே பார்த்தான். அவளை அல்ல. அவள் தோளுக்கு மேலே.

"ரொம்ப நாளா கேக்கணும்னே இருந்தேன்," என்றது கைப்பேசி. "அந்தப் பச்சைத் திரைச்சீலை, அந்த அலமாரி... அது யார் வீடும்மா?"

பிடரியில் தைலத்தின் குளிர்ச்சி பட்டது.

"என் வீடு," என்றாள் இல்கா.